வெட்டும் உரிமை யாருக்கு? டிஜிட்டல் கதைசொல்லலும் பங்கேற்பு ஆய்வும்

(ஹைதராபாதில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

டிஜிட்டல் கதைசொல்லலையும் பங்கேற்பு ஆய்வையும் நம்பி ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஒரு முழுப் பணிவாழ்க்கையை நடத்த முடியுமா, நடத்தினால் அதை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போது ஒலிப்பதிவுக் கருவியும் கேமராவும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. யார் கையில் கேமரா இருந்தது, எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை மணி நேரப் பதிவு சேர்ந்தது என்றே கணக்குக் கேட்கிறோம். என் வாதம் வேறு. ஓர் ஆய்வில் மக்கள் உண்மையாகப் பங்கேற்றார்களா என்பது பதிவு செய்யும் இடத்தில் தெரிவதில்லை, தொகுக்கும் இடத்தில்தான் தெரிகிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது, எந்த வரிசையில் அடுக்குவது, முடிந்ததை யாரிடம் ஒப்படைப்பது ஆகிய முடிவுகளில் கதைக்கு உரியவருக்கு இடம் இருந்தால் அது பங்கேற்பு. இல்லாவிட்டால், எவ்வளவு கனிவோடு செய்திருந்தாலும், அது தகவல் சேகரிப்புதான். இத்துறையில் பணியாற்றும் ஆசிரியரை அளக்க வேண்டிய அளவுகோலும் இதுவே.

டிஜிட்டல் கதைசொல்லல் என்று இன்று பாடத்திட்டங்களில் இடம்பெறும் முறைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி, நினா மல்லன் ஆகியோர் பட்டறைகளாகத் தொடங்கியது அது. எளிய மனிதர் ஒருவர் தன் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்து, தானே எழுதி, தன் குரலில் படித்து, வீட்டுப் புகைப்படங்களோடு இணைத்து, சில நிமிடக் குறும்படமாகத் தானே தொகுப்பார். பங்கேற்பு ஆய்வு வேறொரு ஊற்றிலிருந்து வந்தது. அந்த ஊற்றில் இந்த நகரத்துக்கும் பங்குண்டு. கிராமத்தவரே தரையில் கோலப்பொடியாலும் விதைகளாலும் தங்கள் ஊரின் வரைபடத்தைப் போட்டு, தங்கள் வறுமையைத் தாங்களே வகைப்படுத்தும் முறையை உலகெங்கும் கொண்டுபோன ராபர்ட் சேம்பர்ஸ், அந்த முறை இந்தியாவில் உருப்பெற்றுவந்த காலத்தில், 1989 முதல் 1991 வரை, ஹைதராபாதின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஸ்டாஃப் காலேஜில் இருந்தார். பத்தே ஆண்டுகளில் அது நன்கொடை நிறுவனங்களின் சடங்காக மாறிவிட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பில் குக், உமா கோத்தாரி ஆகியோர் பதிப்பித்து 2001இல் வந்த நூல் பங்கேற்பையே ஒரு புதிய கொடுங்கோன்மையா என்று தலைப்பிலேயே கேட்டது. தரையில் போட்ட வரைபடம் அழிந்துவிடும். அதைப் பார்த்து எழுதிய அறிக்கைதான் தலைநகருக்குப் போகும். அந்த அறிக்கையை எழுதியவர் ஊர்க்காரர் அல்லர். விமர்சனத்தின் சாரம் இதுதான்.

தொகுப்பின் உரிமை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை இரண்டு முன்னோடி முயற்சிகளை அருகருகே வைத்தால் காணலாம். 1967இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ தீவில், அங்குள்ள மீனவர்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ, மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையைச் சேர்ந்த டொனால்ட் ஸ்னோடன் ஆகியோர் அங்கே பல குறும்படங்களை எடுத்தனர். எடுத்த காட்சிகளைப் பேசியவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்றவற்றை நீக்கினார்கள். பிறகு தீவின் மற்ற ஊர்களிலும், கடைசியாக அமைச்சர்களுக்கும் திரையிட்டார்கள். தீவு காலி செய்யப்படவில்லை, மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எழுந்தது. எட்டாண்டு கழித்து, 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, இந்தியா சைட் என்னும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையை நடத்தியது. ஆந்திரம் உட்பட ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கப்பட்டது. தொழில்நுட்பச் சாதனை என்ற அளவில் அது மகத்தானது. ஆனால் எந்தக் கிராமத்துக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்தவர்கள் கிராமத்துக்கு வெளியே இருந்தார்கள். ஃபோகோ மக்கள் படத்தைத் திருத்தினார்கள், சைட் கிராமத்தவர் படத்தைப் பார்த்தார்கள். கருவியில் முந்தியது சைட், உரிமையில் முந்தியது ஃபோகோ.

சைட் திட்டத்தில் பணியாற்றி, தூர்தர்ஷனில் நீண்ட காலம் தயாரிப்பாளராக இருந்த பி.வி. சதீஷ்தான் பின்னாளில் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். ஹைதராபாதிலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத். அதையொட்டிய பஸ்தாபூரில் 1983இல் தொடங்கிய டெக்கன் டெவலப்மென்ட் சொசைட்டியின் நிறுவனர்களுள் அவர் ஒருவர், 2023இல் மறைந்தார். மானாவாரி நிலத்தில் சோளமும் தினை வகைகளும் பயிரிடும் தலித் பெண்களின் சங்கங்கள் அதன் அடித்தளம். 1990களின் பிற்பகுதியில் அந்தப் பெண்களில் சிலர் வீடியோ கற்றார்கள். பலருக்கு எழுத்து தெரியாது. கேமராக் கோணங்களை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைச் சதீஷ் பல இடங்களில் விளக்கியிருக்கிறார். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் நிலக்கிழாரான பட்டேலின் பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது பண்ணையடிமையின் பார்வை. கண்மட்டத்தில் வைப்பது சங்கத்தின் பார்வை. திரைப்படக் கல்லூரியில் இலக்கணமாகக் கற்பிக்கும் செய்தியை, வயல் வரப்பில் தாங்கள் பட்டறிந்த அதிகார உறவாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஷாட்டை எடுக்கும்போதே அது யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்கத் தெரிந்தவர், தொகுக்கும்போதும் அதைக் கேட்பார். அவரிடம் தொகுப்பை ஒப்படைக்க மறுப்பதற்கு, அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது காரணமாகாது.

அதே பெண்களின் வானொலிக் கதை, இந்த உரிமையைப் பெற எவ்வளவு காலம் ஆனது என்பதையும் சொல்கிறது. வான்அலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998இல் யுனெஸ்கோ உதவியுடன் மாச்சனூர் கிராமத்தில் அவர்களுக்கு ஒலிப்பதிவு நிலையம் தயாரானது. உரிமம் கிடைக்கவில்லை. பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் சங்கக் கூட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். 2002இல் அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது, சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வானொலி 2004இல் ஒலித்தது. சமூக அமைப்புகளுக்கு 2006 கொள்கைதான் வழிவிட்டது. அந்தப் பெண்களின் சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15ஆம் நாள் வானேறியது. இந்த நீண்ட போராட்டத்தை ஆவணப்படுத்தியவர்களும் இந்த நகரத்தார்தான். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் வினோத் பாவராலாவும் காஞ்சன் மாலிக்கும் சமூக வானொலி பற்றி எழுதிய நூல் 2007இல் வந்தது, 2011இல் அங்கே சமூக ஊடகத்துக்கான யுனெஸ்கோ இருக்கை அமைந்தது. ஆய்வாளர் ஒரு சமூகத்தின் கதையை எடுத்துச் சொல்வதோடு நிற்காமல், அந்தச் சமூகம் தானே சொல்வதற்கான சட்டமும் கொள்கையும் உருவாகத் துணைநிற்பதும் கல்விப்பணிதான் என்பதற்கு இது நம் வாசலிலேயே உள்ள சான்று.

இனி, வாதத்துக்குச் சோதனையான ஒரு வழக்கைப் பார்ப்போம். 2002 மார்ச்சில் மரபணு மாற்றுப் பயிரான பிடி பருத்திக்கு நாட்டில் அனுமதி கிடைத்தது. பஸ்தாபூர்ப் பெண்கள் தங்கள் பகுதியை விட்டு வாரங்கல் மாவட்டத்துக்குப் போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அதே விவசாயிகளிடம் திரும்பத் திரும்பப் போய்ப் படம்பிடித்தார்கள். விதைத்தபோது இருந்த நம்பிக்கை, காய் பிடித்தபோது வந்த ஐயம், அறுவடையில் எழுந்த கோபம் எல்லாம் ஒரே முகத்தில் அடுத்தடுத்துத் தெரிகின்றன. வாரங்கல் விவசாயிகளின் கோபத்தையே தலைப்பாகக் கொண்டு 2003இல் வந்த அந்தப் படத்தோடு, அப்துல் கையூம், கிரண் சக்கரி ஆகியோரின் களக் கணக்கெடுப்பும் வெளிவந்தது. பருவ முடிவில் ஒருமுறை போய்க் கேள்வித்தாளை நிரப்பும் ஆய்வாளருக்கு அந்த மனமாற்றத்தின் படிகள் கிடைத்திரா. எந்தக் கட்டத்தில் எந்தச் செலவு எந்த நம்பிக்கையில் செய்யப்பட்டது என்ற தகவலை அந்த வரிசைதான் தருகிறது. வரிசையைத் தீர்மானித்தவர்களும் விவசாயம் செய்பவர்கள்.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. மரபணு மாற்றுப் பயிர்களை வெளிப்படையாக எதிர்க்கும் ஓர் அமைப்பின் உறுப்பினர்கள் எடுத்த படம் எப்படிச் சான்றாகும்? பின்னாளில் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிடி பருத்தியே பரவிவிட்டதே? இரண்டும் நியாயமான கேள்விகள். 2005 மே மாதத்தில் மத்திய ஒப்புதல் குழு, முதலில் வந்த மெக்-12, மெக்-162, மெக்-184 ஆகிய மூன்று வீரிய ரகங்களுக்கு ஆந்திரத்தில் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது என்பதைச் சொல்லி நான் இந்தக் கேள்விகளிலிருந்து தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அந்த மறுப்பு, குறிப்பிட்ட ரகங்கள் குறிப்பிட்ட நிலத்தில் தோற்றன என்பதை உறுதி செய்கிறது, அவ்வளவுதான். பிடி பருத்தி முழுவதையும் பற்றி அந்தப் படத்தைக் கொண்டு தீர்ப்புச் சொன்னால் அது அத்துமீறல். படம் பதில் சொல்லக்கூடிய கேள்வி சிறியது, ஆனால் உயிரானது: மானாவாரி நிலத்தில், அந்தப் பருவத்தில், அந்த விதையை வாங்கியவருக்கு என்ன ஆயிற்று? சார்பு எல்லா ஆய்விலும் உண்டு. விதை நிறுவனம் பணம் தந்து நடத்தும் கணக்கெடுப்பிலும் உண்டு. நாம் கேட்க வேண்டியது சார்பு வெளியே தெரிகிறதா, மறுப்பவர் சோதித்துப் பார்க்க மூலப்பதிவு கிடைக்கிறதா என்பதைத்தான்.

இதைவிடச் சிக்கலானது 2001இல் மேதக் மாவட்டத்தில் நடந்த பிரஜா தீர்ப்பு. ஆந்திர அரசின் விஷன் 2020 ஆவணம், வேளாண்மையை நம்பி வாழ்வோரின் பங்கை 70 விழுக்காட்டிலிருந்து 40ஆகக் குறைப்பதை எதிர்காலமாக வரைந்திருந்தது. அதைப் பற்றிச் சிறு, குறு விவசாயிகளே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு மக்கள் ஜூரி அமைந்தது. ஜூரிகள் 19 பேர், பெரும்பாலோர் பெண்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகமும் இரண்டு பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனங்களும் நடத்தியவர்களுள் அடக்கம். மூன்று விதமான எதிர்காலங்கள் வீடியோப் படங்களாக அவர்கள் முன் வைக்கப்பட்டன. சாட்சிகளை அவர்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள். விஷன் 2020ஐ நிராகரித்தார்கள். அறிக்கை 2002இல் வந்ததும் சர்ச்சை வெடித்தது. ஆந்திர அரசுக்கு உதவி வழங்கிய பிரிட்டிஷ் அரசுத் துறை அதன் முறையியலைக் கேள்விக்குள்ளாக்கியது. ஜூரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார், அவர்கள் ஆந்திரத்தின் பிரதிநிதிகளா, அந்த மூன்று படங்களையும் நடுநிலையாக எடுத்தார்களா என்று ஆய்விதழ்களிலும் விவாதம் தொடர்ந்தது.

பிரதிநிதித்துவம் பற்றிய கேள்விக்குப் பதில் உண்டு. ஜூரி என்பது கருத்துக்கணிப்பு ஆகாது. முடிவெடுக்கும் அவைகளில் எப்போதும் விடுபட்டுப்போகிறவர்களைத் திட்டமிட்டே பெரும்பான்மையாக வைத்ததை மறைக்காமல் சொன்னால் அது குறையாகாது. ஆனால் மூன்று படங்கள் பற்றிய கேள்வி என் அளவுகோலையே தொடுகிறது. எந்த மூன்று எதிர்காலங்கள் என்று தீர்மானித்ததும் ஒரு தொகுப்புதான். ஜூரிகள் அவற்றைக் கலந்து தங்கள் சொந்த எதிர்காலத்தை உருவாக்கலாம் என்று இடம் விடப்பட்டிருந்தது, அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆயினும் கடைசி அறிக்கை ஆங்கிலத்தில் ஆய்வாளர்களால் எழுதப்பட்டது. விசாரணை மக்களிடம் இருந்தது, எழுதும் உரிமை முழுவதும் அவர்களிடம் போகவில்லை. நான் மதிக்கும் ஒரு முயற்சியிலும் இந்த அளவுகோல் ஒரு குறையைக் காட்டுகிறது என்பதால்தான் அது அளவுகோலாகப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எழுத்துரிமைக்கும் தொகுப்புரிமைக்கும் உள்ள தொடர்பை அச்சு உலகம் முன்பே சந்தித்திருக்கிறது. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்குகொண்ட பெண்களின் வாய்மொழி வரலாற்றை இந்த நகரத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கட்டனா 1986இல் தெலுங்கில் வெளியிட்டது, ஆங்கில வடிவம் 1989இல் வந்தது. முதலில் அந்தப் பெண்கள் படிக்கக்கூடிய மொழியில், பிறகுதான் உலகம் படிக்கும் மொழியில் என்ற அந்த வரிசை ஓர் ஆய்வு நெறி. தமிழிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: புதுச்சேரிப் பகுதியின் தலித் பெண் வீரம்மாவின் வாழ்க்கைக் கதை. ஜோசியான் ரசீனும் ழான்-லுயிக் ரசீனும் பல ஆண்டுகள் கேட்டுப் பதிந்து 1995இல் பிரெஞ்சில் வெளியிட்ட அந்த நூலின் ஆசிரியர்களில் முதற்பெயர் வீரம்மாவுடையது. அட்டையில் பெயர் வைத்தது பெரிய காரியம். இருந்தாலும், பிரெஞ்சு படிக்காத வீரம்மாவுக்கு அந்நூலின் அடுக்குமுறையில் எவ்வளவு பிடி இருந்திருக்க முடியும்? பெயரும் உரிமையும் சேர்ந்தே வருவதில்லை.

இப்போது அப்படிப் பெயர் பகிர்ந்து எழுதுவதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி எடைபோட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் தரமான ஆய்விதழில் எழுதும் கட்டுரைக்கு 10 மதிப்பெண். இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கிராமத்துப் பெண்கள் நால்வரை இணையாசிரியர்களாகச் சேர்த்து, அவர்களில் ஒருவரின் பெயரை முதலில் வைக்கும் விரிவுரையாளருக்கு 3 மதிப்பெண் கிடைக்கும். அவர்கள் பெயரை நன்றியுரைக்குத் தள்ளித் தனியாக எழுதினால் 10. மின்பாடத்துக்கும் இணையவழிப் படிப்புக்கும் மதிப்பெண் உண்டு, ஒரு சமூகம் தானே தொகுத்த படத்துக்குத் துணைநின்றதற்கு அந்தப் பட்டியலில் இடம் தேடுவது கடினம். நேர்மைக்கு அபராதமும் அபகரிப்புக்குப் பரிசும் தரும் கணக்கு இது. யாரும் தீய நோக்கத்தோடு இதை வகுக்கவில்லை. ஆய்வகத்தில் பலர் பெயர் சேர்ந்து மதிப்பெண் பெருகுவதைத் தடுக்க எண்ணியவர்கள், களத்தில் பெயர் விடுபடுவதைப் பற்றி யோசிக்கவில்லை. 2025 ஜனவரியில் வந்த வரைவு விதிகள் சமூக ஈடுபாட்டையும் ஆசிரியரின் பங்களிப்பாகக் கருதலாம் என்றன. நல்லதுதான். ஆனால் ஈடுபாடு என்பதைக் கூட்டம் போட்டு எடுத்த புகைப்படமாகச் சுருக்கிவிட நம் நிறுவனங்களுக்கு அதிக நேரம் ஆகாது.

இன்னொரு எதிர்வாதம் இன்றைய சூழலிலிருந்து வருகிறது. கையில் செல்போன் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, கிராமத்தாருக்குப் பல்கலைக்கழகம் எதற்கு? ஜகித்யால் மாவட்டத்தின் லம்பாடிபல்லியிலிருந்து மை வில்லேஜ் ஷோ என்ற நிகழ்ச்சி வருகிறது. அதில் நடிக்கும் கங்கவ்வாவைத் தெலுங்கு நாடே அறியும். தெலங்கானாப் பேச்சுமொழிக்குத் திரையில் அவர்கள் வாங்கித் தந்த மரியாதையை எந்த ஆய்வுத் திட்டமும் வாங்கித் தரவில்லை. படம் எடுக்கப் பல்கலைக்கழகம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத்தடி நீர் பற்றியோ விதை பற்றியோ ஓர் ஊர் எடுத்த படம், மாவட்ட ஆட்சியரின் மேசையிலும் நீதிமன்றத்திலும் சான்றாக ஏற்கப்படுவது வேறு. அங்கே பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எடை உண்டு. அந்த எடையை இரவல் தருவதுதான் ஆய்வாளரின் வேலை. இணையத் தளங்களின் நிரல் எதை மேலே தூக்குவது என்று தீர்மானிப்பதும், நூறு நேர்காணல்களைச் செயற்கை நுண்ணறிவு பத்து வரியில் சுருக்கித் தருவதும் தொகுப்புகளே. யார் வெட்டினார் என்று கேட்க ஆளில்லாத தொகுப்புகள் அவை. ஆகவே கேள்வியின் தேவை இன்று கூடியிருக்கிறது.

மூன்றாவது எதிர்வாதமே ஆய்வாளர்களுக்கு உறுத்துவது. பேசியவருக்கு வெட்டும் உரிமை கொடுத்தால் கசப்பான உண்மைகள் மறைந்துவிடாதா? சங்கத்துக்குள் இருக்கும் சாதி வேற்றுமை, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, தலைவியின் தன்னிச்சை எல்லாம் தொகுப்பு மேசையில் காணாமல் போகுமே? போகும். அதனால் இரண்டு உரிமைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தன் முகமும் குரலும் கதையும் எப்படி வெளியே போகும் என்பதில் பேசியவரின் சொல்லே முடிவானது. ஆய்வாளர் தன் பெயரில் எழுதும் பகுப்பாய்வில் அவருக்குத் தடையுரிமை கிடையாது, மறுப்பெழுதும் உரிமை உண்டு. அந்த மறுப்பு அடிக்குறிப்பில் ஒதுங்காமல் பகுப்பாய்வின் பக்கத்திலேயே அச்சேற வேண்டும். கருத்து வேறுபாடு வெளியே தெரியும் ஆய்வு, எல்லோரும் ஒத்துக்கொண்டதாகக் காட்டும் ஆய்வைவிட நம்பத்தக்கது.

இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை பிறக்கிறது. இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு வரும் ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் ஒரு தொகுப்புப் பதிவேடு இணைக்கப்பட வேண்டும். எந்த நாளில் யார் யார் உட்கார்ந்து தொகுத்தார்கள், எந்தப் பகுதியை நீக்கச் சொன்னவர் யார், என்ன காரணம் சொன்னார், ஆய்வாளர் ஏற்றாரா, ஏற்காவிட்டால் ஏன், இறுதி வடிவத்தை ஊரில் எப்போது திரையிட்டார்கள், அங்கே என்ன மறுப்பு வந்தது என்பவை அதில் இருக்க வேண்டும். நீக்கியதன் உள்ளடக்கம் வேண்டியதில்லை, நீக்கிய செயலும் காரணமும் போதும். வேதியியலாருக்கு ஆய்வகக் குறிப்பேடு எப்படியோ அப்படி. கதை இனிமையாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லிக் கலையும் தேர்வுக் குழுவுக்கு, தோண்டிக் கேட்க ஓர் ஆவணம் கிடைக்கும். இந்தத் துறையில் கண்டிப்பு இல்லை என்ற குறையும் அதனால் நீங்கும்.

பதிவுகளின் பிற்கால வாழ்வும் இதில் சேரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் ஆவணக்காப்புக்கும் நிபந்தனையோடு விலக்கு அளிக்கிறது. சட்டம் விலக்களித்தது என்பதற்காக நெறியும் விலக்களித்ததாக ஆகாது. ஒரு நகல் ஊரில், அவர்கள் திறந்து பார்க்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகச் சேமிப்பில் உள்ள நகலை மூன்றாம் ஆளுக்குத் தருவதற்கு முன் ஊரைக் கேட்க வேண்டும்.

இப்படி வேலை செய்யும் இளம் ஆய்வாளர் குறைவாகத்தான் எழுதுவார். நம்பிக்கை பெற ஓராண்டு, சேர்ந்து தொகுக்க ஓராண்டு, திரையிட்டுத் திருத்த இன்னும் சில மாதங்கள் என்று போனால், அவருடைய வகுப்புத் தோழர் நான்கு கட்டுரை எழுதியிருப்பார். அந்தத் தியாகத்தை அவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் பாராட்டுரை வழங்குவது முறையாகாது. விதிகள் டெல்லியிலிருந்து மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தொகுப்புப் பதிவேட்டைக் கேட்பதற்குத் துறையின் ஆய்வுக் குழுத் தீர்மானம் ஒன்று போதும். நேர்முகத் தேர்வில் உட்காரும் பேராசிரியர், கட்டுரைகளை எண்ணி முடித்த பிறகு, இதில் வெட்டியது யார் என்று ஒரு கேள்வி கேட்கலாம். பணிக்கு வருகிறவர்கள் அந்தக் கேள்விக்குத் தயாராகி வரத் தொடங்கினால், களத்தில் செய்யும் வேலையும் அதற்கேற்ப மாறும். ஹைதராபாதில் அதற்கான முன்னுதாரணங்களும் ஆட்களும் நிறுவனங்களும் இருப்பதால், இதை இங்கிருந்தே தொடங்கலாம் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.